லாச்சப்பலில் இருந்து ஒரு ஸ்டேஷன்: லுக்ஸோரில் இந்தக் கிழமை என்ன படம்?

மரக்கறி வாங்க, தலைமயிர் வெட்ட, ஊருக்குக் காசு அனுப்ப என்று ஏதோ ஒன்றுக்காக லாச்சப்பல் பக்கம் வராத தமிழர் பாரிஸில் குறைவு. அங்கிருந்து மேம்பாலத்தில் ஓடும் 2ஆம் இலக்க மெத்ரோவில் ஒரேயொரு ஸ்டேஷன் தள்ளி, பார்பெஸ் சந்தி மூலையில், எகிப்தியக் கோயில் மாதிரி மொசைக் பதித்த ஒரு கட்டடம் நிற்கிறது. லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தாலும் பத்து நிமிடம்தான். பாரிஸுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் நான் அதைக் கடந்துதான் வேலைக்குப் போய் வந்தேன். தியேட்டர் என்று தெரியும். வாசலில் தொங்கிய படங்களின் பெயர் ஒன்றும் தெரியாது, நடிகர்கள் யாரென்றும் தெரியாது, பிரெஞ்சும் அரைகுறை, அதனால் இது எங்களுக்கான இடமில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு பிழை. புதிதாக வந்து, பிரெஞ்சு இன்னும் சரியாக வராமல், ஆனால் படம் என்றால் உயிர் என்று இருக்கிறவர்கள் அதே பிழையைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லுக்ஸோர் 1921 அக்டோபரில் திறந்தது. கட்டியவர் ஆன்றி ஸிப்சி என்ற கட்டடக் கலைஞர். எழுபதுகளில் இந்தப் பகுதியில் வட ஆபிரிக்காவில் இருந்து வந்த தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள், அவர்களுக்காக இங்கே அரபுப் படங்களும் இந்தியப் படங்களும் ஓடின. அதாவது, பிரெஞ்சு தெரியாதவர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்த தியேட்டர் இது. 1983இல் சினிமா நின்றது, கொஞ்சக் காலம் நடன விடுதியாக இருந்தது, பிறகு வருடக்கணக்காகப் பூட்டியே கிடந்தது. பாரிஸ் நகரசபை 2003இல் அதை வாங்கித் திருத்தி 2013 ஏப்ரல் 17இல் மறுபடி திறந்தது. பெரிய மண்டபத்துக்கு எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷாஹீனின் பெயர் வைத்திருக்கிறார்கள், 334 இருக்கைகள். நிலத்துக்குக் கீழே இரண்டு சின்ன மண்டபங்கள், 140, 74 இருக்கைகளுடன். கட்டடம் நகரசபையுடையது, பெரிய சங்கிலிக் கம்பனி எதுவும் நடத்துவதில்லை.

இப்படிப்பட்ட தியேட்டர்களுக்கு இங்கே 'ஆர் எ எஸ்ஸே' என்று பெயர். கலைப்படம், முயற்சிப்படம் என்று சொல்லலாம். இது வெறும் பட்டப்பெயர் இல்லை. தேசிய சினிமா நிறுவனமான சே-என்-சே, ஒரு தியேட்டர் என்னென்ன படம், எத்தனை காட்சி போட்டது என்று பார்த்துக் கொடுக்கும் அங்கீகாரம், அதோடு கொஞ்சம் உதவிப் பணமும் வரும். நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட தியேட்டர்களுக்கு இது இருக்கிறது. எனவே 'கலைப்படத் தியேட்டர்' என்றதும் படித்தவர்களின் ரகசியச் சங்கம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது ஒரு பேட்டைத் தியேட்டர்தான்.

புதன்கிழமையில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் ஊரில் புதுப்படம் என்றால் வெள்ளிக்கிழமை, இல்லாவிட்டால் பொங்கல், தீபாவளி. பிரான்ஸில் புதுப்படம் புதன்கிழமை வரும். சினிமாக் கிழமையே புதனில் தொடங்கிச் செவ்வாயில் முடிகிறது. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால், திங்கட்கிழமை காலையில் சனி ஞாயிறு வசூலைப் பார்த்துவிட்டுத்தான் விநியோகஸ்தரும் தியேட்டர்க்காரரும் பேசி, அடுத்த புதனில் இருந்து எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்று தீர்மானிக்கிறார்கள். சின்னப் படம் ஒன்று முதல் கிழமையில் நாளுக்கு நாலு காட்சி ஓடியிருக்கும், இரண்டாம் கிழமையில் இரண்டாகக் குறையும், மூன்றாம் கிழமையில் காலை 11 மணிக்கு மட்டும் இருக்கும், அதற்குப் பிறகு தேடினாலும் கிடைக்காது. 'ஆறுதலாகப் பார்ப்போம்' என்று நான் தள்ளிப்போட்டுத் தவறவிட்ட படங்கள் ஏராளம். பார்க்க விரும்பும் படத்தை முதல் கிழமையிலேயே பாருங்கள். அது படத்துக்கும் நல்லது, அந்தத் திங்கட்கிழமைக் கணக்கில் உங்கள் ரிக்கற்றும் ஒரு இலக்கம்.

செவ்வாய் பின்னேரம் தியேட்டரின் இணையத்தளத்திலோ அல்லோசினே என்ற சினிமாத் தளத்திலோ பார்த்தால் புதனில் இருந்து வரும் முழுக்கிழமை நேரங்களும் இருக்கும். காகிதம் பிடிக்கிறவர்களுக்கு 'லோஃபிசியேல் தே ஸ்பெக்தாக்கிள்' என்ற சின்னக் கிழமை இதழ் இருக்கிறது, அதுவும் புதன்கிழமைதான் வரும், பத்திரிகைக் கடையில் கேளுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது தியேட்டர் வாசலில் சும்மா அடுக்கி வைத்திருக்கும் நிகழ்ச்சித்தாள். அதைக் கையில் எடுங்கள், ஒரு பேனையும் எடுங்கள்.

நிகழ்ச்சித்தாளை வாசிக்கும் விதம்

படத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்துகளில் சில குறிகள் இருக்கும். புதியவர்கள் கவனிக்காமல் விட்டு ஏமாறுவது அங்கேதான்.

வே-ஓ என்றால் மூலமொழி. ஜப்பானியப் படம் என்றால் ஜப்பானிய மொழியில் பேசுவார்கள், கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும். சில தாள்களில் வே-ஓ-எஸ்-தே என்று முழுதாகப் போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். வே-எஃப் என்றால் பிரெஞ்சுக் குரல், அதாவது டப்பிங், கீழே எழுத்து இராது. நான் முதன்முதல் காசு கொடுத்துப் போனது, புறநகரில் ஒரு தியேட்டரில், ஆங்கிலப் படம். ஆங்கிலம் விளங்கும்தானே என்ற நம்பிக்கையில் போனால் எல்லாரும் வேகமாகப் பிரெஞ்சு கதைக்கிறார்கள், இரண்டு மணி நேரம் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். அது வே-எஃப். பாரிஸுக்குள் இருக்கும் கலைப்படத் தியேட்டர்களில் வெளிநாட்டுப் படம் பெரும்பாலும் வே-ஓவில்தான் இருக்கும், சிறுவர் படங்கள் மட்டும் வே-எஃப். புறநகரில் இரண்டும் கலந்திருக்கும், ஒரே படம் பகலில் வே-எஃப், இரவில் வே-ஓ என்று கூட இருக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள்.

வே-ஓ என்பதன் அருமை எனக்கு விளங்கியது 2015இல். ழாக் ஒதியார் இயக்கி, கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தில் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்திதான் நாயகன், பேச்சில் பெரும்பகுதி தமிழ். மண்டபம் முழுக்கப் பிரெஞ்சுக்காரர்கள், நடுவில் நாங்கள் நாலைந்து பேர். அவர்கள் எழுத்தை வாசிக்க, நாங்கள் குரலைக் கேட்டோம். எழுத்து கொஞ்சம் முந்தி வந்துவிடுவதால் சில இடங்களில் அவர்கள் எங்களுக்கு முன்னரே சிரித்தார்கள். ஆனால் ஒரு சொல்லை எப்படி இழுத்துச் சொல்கிறார்கள், அதில் என்ன பயம் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு மட்டுமே கேட்டது. டப்பிங் செய்திருந்தால் அது யாருக்குமே கேட்டிராது.

அடுத்த குறி, பிரெஞ்சு படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: எஸ்-எம்-எ. காது கேளாதவர்களுக்காகப் பிரெஞ்சுப் படத்துக்கே பிரெஞ்சு எழுத்துப் போட்டுக் காட்டுவது. எல்லாக் காட்சிக்கும் இராது, கிழமையில் ஒன்றோ இரண்டோதான். அதைத் தேடிப் பிடியுங்கள். காதில் விழும் சொல் கண்ணிலும் தெரியும்போது, வகுப்பில் மாதக்கணக்கில் பிடிபடாத உச்சரிப்பு ஒரு மாலையில் பிடிபடும். பிரெஞ்சுச் சனம் பேசும்போது பாதி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் வடிவாக விளங்கியது.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். 'அவோன் பிரெமியேர்' என்றால் வெளியாவதற்கு முந்திய காட்சி. 'றெப்ரிஸ்' என்றால் பழைய படம் மறுபடி வருகிறது, அநேகமாகச் சுத்தப்படுத்திய புதுப்பிரதி. 'ரெத்ரோஸ்பெக்தீவ்' என்றால் ஒரே ஆளின் படங்கள் வரிசையாக. 'சினே-கொன்சேர்' என்றால் மௌனப்படத்துக்கு மேடையில் நேரடி இசை. 'தெபா' அல்லது 'ரொங்கோந்ர்' என்று இருந்தால் படம் முடிந்து பேச்சு இருக்கும், இயக்குநரே கூட வரலாம். பேச்சு விளங்காது என்று பயந்து அந்தக் காட்சியைத் தவிர்க்க வேண்டாம், படம் முடிந்ததும் எழுந்து போனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தடவை இருந்து பாருங்கள்.

முதல் படத்தை எப்படித் தெரிவு செய்வது

பரிசு பெற்றது, பெரிய இயக்குநர், மூன்று மணி நேரம் என்று எதையும் எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். முதல் படம் ஒன்றரை மணி நேரத்துக்கு உள்ளே இருக்கட்டும், காதுக்குத் தெரிந்த மொழியாக இருக்கட்டும். ஆங்கிலம், ஹிந்தி, மலையாளம், சிங்களம் என்று நம்மில் பலருக்கு ஒரு மொழியாவது அரைகுறையாக விளங்கும். 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற பாயல் கபாடியாவின் படம் அந்த அக்டோபரில் இங்கே வந்தபோது, அதில் மலையாளம்தான் அதிகம், பிரெஞ்சு எழுத்து ஓடி மறைவதற்குள் வாசிக்க முடியாமல் போன இடத்தைக் காது நிரப்பிவிட்டது. அப்படி ஒரு படம் கிடைத்தால் அதில் தொடங்குங்கள்.

மொழியே வேண்டாம் என்றால் மௌனப்படம். பதின்மூன்றாம் வட்டாரத்தில், கொப்லன் அவென்யூவில், ஜெரோம் செய்து-பத்தே நிறுவனம் என்று ஒன்று 2014இல் இருந்து இயங்குகிறது. அங்கே மௌனப்படங்களைப் பியானோ வாசிப்போடு காட்டுகிறார்கள், மண்டபம் மிகச் சின்னது. இடையில் வரும் எழுத்தட்டை பிரெஞ்சில் இருந்தாலும் மெதுவாக நின்று போகும், வாசித்துவிடலாம்.

பிரெஞ்சுப் படத்தை ஆங்கில எழுத்தோடு பார்க்க விரும்புகிறவர்களுக்கு 'லாஸ்ட் இன் ஃப்ரென்ச்லேஷன்' என்ற அமைப்பு பாரிஸின் சின்னத் தியேட்டர்களில் காட்சிகள் நடத்துகிறது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வயதுத் தடை மிகவும் தளர்வானது. 12, 16, 18 என்று தடை இருந்தால் குறிப்பிட்டிருப்பார்கள், ஆனால் ஒன்றும் குறிப்பிடாத படத்தில் குடும்பத்தோடு இருந்து பார்க்கக் கூச்சமான காட்சிகள் வரலாம், இங்கே அதைப் பெரிதாக எடுப்பதில்லை. எனவே 'தடை இல்லை' என்பதைப் 'பிள்ளைகளுக்கு உகந்தது' என்று எடுக்க வேண்டாம். தாளில் 'ழென் பூப்லிக்' என்று தனிப்பகுதி இருக்கும், 3 வயதில் இருந்து, 6 வயதில் இருந்து என்று போட்டிருப்பார்கள். புதன், சனி, ஞாயிறு நாள்களில் அதிகம். நாற்பது நிமிடப் படங்கள் கூட இருக்கின்றன, சின்னப் பிள்ளையின் முதல் தியேட்டருக்கு அளவான நேரம்.

வேலை நேரமும் பட நேரமும்

ரெஸ்ரோரண்ட் வேலை செய்கிறவர்களுக்குச் சனி ஞாயிறு இரவு என்பதே கிடையாது. ஆனால் எங்களிடம் கூப்யூர் இருக்கிறது, இரண்டு சேர்விஸுக்கு நடுவில் வரும் ஓய்வு நேரம். மத்தியானச் சேர்விஸ் முடிந்து 3 மணி, பின்னேரச் சேர்விஸ் 6 அல்லது 6.30. அந்த மூன்று மணி நேரத்தைப் பலர் லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் கழிப்பார்கள், நானும் கழித்திருக்கிறேன். தாளில் 3.20, 3.45 என்று தொடங்கும் காட்சியைத் தேடுங்கள், பக்கத்தில் படத்தின் நீளம் போட்டிருக்கும், 1 மணி 35 நிமிடம் என்றால் படம் பார்த்துவிட்டு நடந்தே வேலைக்குத் திரும்பலாம். அந்த நேரத்தில் மண்டபத்தில் இருபது பேர்தான் இருப்பார்கள், பாதிப்பேர் ஓய்வூதியக்காரர்கள். உடம்புக்கும் அது ஒரு ஓய்வு, கண்ணை மூடினாலும் எழுப்ப ஆள் இல்லை.

போட்டிருக்கும் நேரம் விளம்பரம் தொடங்கும் நேரம், படம் தொடங்கும் நேரம் வேறு. சங்கிலித் தியேட்டர்களில் இந்த இடைவெளி இருபது நிமிடம் வரை போகும், சின்னத் தியேட்டர்களில் ஐந்து, பத்து நிமிடம்தான், சில காட்சிகளில் விளம்பரமே இராது. ஆகவே பிந்திப் போனால் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அப்புறம், இடைவேளை கிடையாது. கழிவறைக்கு முன்னரே போய்விட்டு வாருங்கள். இரவுக் காட்சி என்றால் கடைசி மெத்ரோவையும் கணக்கில் எடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் அது மற்ற நாள்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும்.

காசு

முழுவிலை பாரிஸில் பத்து யூரோவை ஒட்டி இருக்கும். அதைக் கொடுப்பதற்கு முன் கவுண்டருக்கு மேலே இருக்கும் விலைப்பட்டியலை வாசியுங்கள். மாணவர், வேலை தேடுகிறவர், வயதானவர் ஆகியோருக்குக் குறைந்த விலை உண்டு, அதற்குரிய அட்டையையோ கடிதத்தையோ போனில் வைத்திருங்கள். பல தியேட்டர்களில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனி விலை இருக்கிறது, 2014இல் நாடு தழுவி 4 யூரோ என்று தொடங்கியது. காலைக் காட்சி பல இடங்களில் மலிவு. 5 அல்லது 10 இருக்கை கொண்ட அட்டையை வாங்கிக் கூட்டாளியோடு பங்கு போட முடியுமா என்றும் கேளுங்கள், தியேட்டருக்குத் தியேட்டர் விதி வேறு. வீட்டில் 17, 18 வயதுப் பிள்ளை இருந்தால் கலைச் செலவுக்கு அரசு கொடுக்கும் 'பாஸ் குல்த்யூர்' பற்றி விசாரியுங்கள், அந்தக் காசில் படமும் பார்க்கலாம். மார்ச்சில் 'ப்ரந்தோம் து சினிமா', கோடையின் தொடக்கத்தில் 'ஃபெத் து சினிமா' என்று சில நாள்களுக்கு எல்லாருக்கும் ஒரே குறைந்த விலை வரும்.

மாதாந்தம் கட்டி எவ்வளவும் பார்க்கும் அட்டைகளைச் சங்கிலிக் கம்பனிகள் விற்கின்றன. பல சுயாதீனத் தியேட்டர்களும் அவற்றை ஏற்கின்றன, கண்ணாடிக் கதவில் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். மாதம் மூன்று படத்துக்குக் குறைவாகப் பார்க்கிறவர் அதை எடுக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை மாதம் கட்டாயம் என்று வாசியுங்கள்.

ஒவ்வொரு ரிக்கற்றிலும் 10.72 சதவீதம் வரியாகச் சே-என்-சேக்குப் போகிறது. அந்தப் பணம் புதுப்படம் எடுக்கிறவர்களுக்கும் இந்த மாதிரித் தியேட்டர்களுக்கும் திரும்பி வருகிறது. பெரிய அமெரிக்கப் படத்துக்கு யாரோ வாங்கிய ரிக்கற், எங்கோ ஒரு சின்னப் படத்துக்குக் கமரா வாங்கிக் கொடுக்கிறது. இதை அறிந்த நாளில் இருந்து கள்ளப் பிரதி பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே போனதும்

கவுண்டரில் முதலில் 'பொன்ஜூர்'. அதைச் சொல்லாமல் படத்தின் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். பிறகு 'உய்ன் பிளாஸ் பூர்' என்று தொடங்கிப் படத்தின் பெயர், அதன் பிறகு 'சில் வூ ப்ளே'. பெயரை உச்சரிக்க வரவில்லையா, தாளில் விரலை வைத்துக் காட்டுங்கள், நானும் பல மாதம் அப்படித்தான் வாங்கினேன். எந்த மண்டபம் என்று அவர்களே சொல்வார்கள்.

இருக்கைக்கு இலக்கம் இராத தியேட்டர்களே அதிகம், முந்தி வந்தவருக்கு விருப்பமான இடம். எழுத்து வாசிக்க வேண்டியவர்கள் இதை யோசித்து உட்கார வேண்டும். சின்ன மண்டபங்களில் தரை சரிவு குறைவு, முன்னால் உயரமான ஒருவர் வந்து அமர்ந்தால் கீழே ஓடும் எழுத்தில் பாதி போய்விடும். நடைபாதை ஓர இருக்கை, இல்லாவிட்டால் முன்னிருந்து மூன்றாம் நாலாம் வரிசை. லுக்ஸோரின் பெரிய மண்டபத்தில் படம் கிடைத்தால் பால்கனிக்கு ஏறுங்கள். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முந்திப் போய், சுவரில் உள்ள எகிப்திய வேலைப்பாடுகளைப் பாருங்கள். மேம்பாலத்தில் மெத்ரோ போகும் சத்தம் உள்ளே வராதபடி மண்டபத்தைப் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டியிருக்கிறார்கள். பார்பெஸின் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அப்படி ஓர் அமைதி.

படம் ஓடும்போது கதைப்பது, போனைத் திறப்பது, மொறுமொறுப்பாகச் சாப்பிடுவது எதுவும் கூடாது. முடிந்த பிறகு பெயர்கள் ஓடும்போது பலர் அசையாமல் இருப்பார்கள். நீங்களும் கொஞ்சம் இருங்கள், அந்த இரண்டு நிமிடத்தில்தான் படம் உள்ளே இறங்குகிறது.

லுக்ஸோருக்கு அப்பால்

பார்பெஸில் 4ஆம் இலக்க மெத்ரோ ஏறினால் நேரே சென் மிஷேல். அங்கிருந்து நடந்து போனால் ரூ ஷம்போலியோன் என்ற ஒடுக்கமான தெருவில் மூன்று தியேட்டர்கள் அடுத்தடுத்து: மூலையில் 1938இல் தொடங்கிய லு ஷம்போ, அப்புறம் ஃபில்மோதெக், ரெஃப்லே மெதிசிஸ். பழைய படங்களுக்கு அந்தத் தெருவை மிஞ்ச ஓரிடம் எனக்குத் தெரியாது. பெர்சியில் சினிமாதெக் ஃப்ரோன்சேஸ் இருக்கிறது, 1936இல் தொடங்கியது, ரெத்ரோஸ்பெக்தீவ் பார்க்கப் போக வேண்டிய இடம். புறநகரில் இருக்கிறவர்கள் பாரிஸுக்கு வரத் தேவையே இல்லை. நம் சனம் நிறைய இருக்கும் லா கூர்நெவில் லெத்துவால், சென் தெனியில் லெக்ரான், மொந்த்ரேய்யில் மெலியஸ் என்று ஆர் எ எஸ்ஸே தியேட்டர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, விலையும் பாரிஸைவிடக் குறைவு.

சரி, இந்தச் செவ்வாய் பின்னேரம் தாளை எடுத்து, வே-ஓ, நீளம், நேரம் மூன்றையும் பார்த்து ஒரு படத்துக்கு வட்டம் போடுங்கள். முதல் தடவை தனியாகப் போக யோசனையாக இருந்தால் கூட வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். லுக்ஸோரில் படம் முடிந்ததும் மேல்மாடி பார் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் சக்ரே-கேர் தேவாலயம் வெள்ளையாகத் தெரியும், கீழே மெத்ரோ லாச்சப்பல் பக்கம் திரும்பிப் போகும்.